சீன மொழி படித்து வெளிநாட்டுப் பரிமாற்ற வேலைக்குப் போக விருப்பம்: வன்னியில் இருந்து எப்படித் தொடங்குவது?

மல்லாவிப் பிள்ளை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். ஏ/எல் கலைப்பிரிவு எழுதிப்போட்டு றிசல்ட்ஸ் வரும்வரைக்கும் நிக்கிறன். பாடங்கள் தமிழ், புவியியல், அரசியல் விஞ்ஞானம். ஓ/எல் ஆங்கிலம் சி. சிங்களம் கதைச்சால் விளங்கும், திருப்பிக் கதைக்கத்தான் தடுமாறும்.

சீன மொழி படிச்சு, கம்பஸுகளுக்கு இடையில மாணவர் பரிமாற்றம், அங்கயிருந்து வாற குழுக்களுக்கு ஒழுங்கு செய்யிறது, மொழிபெயர்ப்பு, இப்பிடியான வேலைக்குப் போக விருப்பம். கேக்க வந்தது இதுதான். ஊரில இருந்துகொண்டு எதுமட்டும் படிக்கலாம், எந்தக் கட்டத்தில கொழும்புக்குப் போகத்தான் வேணும்? எந்த ஸ்கொலசிப் எனக்குப் பொருந்தும்? படிச்சு முடிஞ்சால் உண்மையில ஆர் வேலை தருவினம்? ஒரு ஏஜென்சி "நூறு வீதம் ஸ்கொலசிப்" எண்டு சொல்லி முற்பணம் கேக்குது, குடுக்கலாமோ? அம்மா தனிய அனுப்பப் பயப்பிடுறா. அங்க ஹொஸ்டல் எப்பிடியெண்டும் ஆராவது சொல்லுங்கோ.

---

கனகராயன்

தங்கச்சி, மொழி நிலையில் இருந்து தொடங்குவம். மற்றதெல்லாம் அதில்தான் தொங்குது.

அளவுகோல் எச்.எஸ்.கே என்ற சீன மொழித் திறன் தேர்வு. பழக்கத்தில் உள்ள ஆறு நிலைகளுக்கும் 150, 300, 600, 1200, 2500, 5000 சொற்கள் என்று கணக்கு. முதல் இரண்டு நிலைகளிலும் வினாத்தாளில் சீன எழுத்துக்கு மேலே பின்யின், அதாவது ஆங்கில எழுத்தில் உச்சரிப்பு, போட்டிருப்பார்கள். மூன்றாம் நிலையில் அது இல்லை. போனில் ஆப் ஒன்றை வைத்துக்கொண்டு தனியப் படிப்பவர்கள் பெரும்பாலும் கவிழ்வது இந்த இடத்தில்தான். 300 சொல் "தெரியும்" என்று நினைத்திருப்பார்கள்; பின்யினை மறைத்துவிட்டால் பாதிகூட வாசிக்க வராது. ஆகவே முதல் வாரத்தில் இருந்தே பின்யினை மறைத்து வாசித்துப் பழகுங்கள். நாளுக்கு 8 முதல் 10 புதுச் சொல் போதும். அங்கி (Anki) போன்ற திரும்பக் கேட்கும் ஆப்பில் போட்டால் பழைய சொற்கள் தானாகச் சுற்றி வரும். 30 சொல் என்று தொடங்கினால் மூன்றாம் வாரத்தில் மீட்டல் அட்டை மட்டும் முன்னூறு நானூறு சேர்ந்துவிடும், பிறகு ஆப்பையே திறக்க மனம் வராது. அகராதிக்குப் பிளெக்கோ போடுங்கள், இணையம் இல்லாமலும் வேலை செய்யும்.

முதல் இரண்டு நிலையும் மொத்தம் 200 புள்ளி, சித்திக்கு 120. மூன்றில் இருந்து மொத்தம் 300, சித்திக்கு 180. ஆனால் "சித்தி" என்ற சொல்லை நம்பி நிற்க வேண்டாம். பல புலமைப்பரிசில்கள் 210 கேட்கின்றன. 185 எடுத்துவிட்டு மறுபடி காசு கட்டித் தேர்வு எழுதும் நிலை வரும்.

நாலாம் நிலையில் 100 கேள்வி: கேட்டல் 45, வாசிப்பு 40, எழுத்து 15. மூன்றாம் நிலை வரை ஒலிப்பதிவை இரண்டு தரம் போடுவார்கள், நாலில் ஒரு தரம்தான். இதைத் தெரியாமல் போகிறவர்கள் முதல் பத்துக் கேள்வியைக் கோட்டை விட்டுவிடுவார்கள். கணினியில் எழுதினால் எழுத்துப் பகுதியைப் பின்யினில் தட்டித் தெரிவு செய்யலாம். தாளில் எழுதினால் ஒவ்வொரு கோடும் கையால் வர வேண்டும். கையெழுத்துக்கு நேரம் இல்லாதவர்கள் கணினித் தேர்வையே எடுக்கட்டும். என்றாலும் அடிக்கடி வரும் ஒரு 200 எழுத்தையாவது கையால் எழுதிப் பழகாவிட்டால், ஒரே மாதிரியான எழுத்துகளைக் கண் பிரித்துப் பார்க்காது.

பேச்சுக்குத் தனித் தேர்வு, எச்.எஸ்.கே.கே. மொத்தம் 100, சித்திக்கு 60. இடைநிலையில் கேட்ட வசனத்தைத் திருப்பிச் சொல்வது 10, படத்தைப் பார்த்துப் பேசுவது 2, கேள்விக்குப் பதில் 2. மைக்கில் பதிவாகும், முன்னால் ஆள் இருக்காது. ஊரில் கதைக்க ஆளில்லாமல் படிப்பவருக்கு இதுதான் கண்டம். பாடத்தின் ஒலிப்பதிவை வசனம் வசனமாக நிறுத்தி, தாளைப் பார்க்காமல் திருப்பிச் சொல்லி, போனில் பதிந்து ஒப்பிடுங்கள். முதல் பத்தும் நேராகவே இந்தப் பயிற்சிதான்.

இடம்: இரண்டாம் நிலை வரை மல்லாவியில் இருந்தே போகலாம், ஒரு நிபந்தனை. உச்சரிப்புக்கு முதல் இரண்டு மாதமும் ஓன்லைனில் ஒரு ஆசிரியர் வேண்டும், கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் என்றாலும். பிழையாகப் படிந்த தொனியை, அதாவது பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கத்தை, பிறகு மாற்றுவது புதிதாகப் படிப்பதைவிடக் கஷ்டம். மூன்றாம் நிலைக்கு மேல் களனிப் பல்கலைக்கழகத்திலோ கொழும்புப் பல்கலைக்கழகத்திலோ உள்ள கன்பூசியஸ் நிலையத்தோடு, அதாவது சீன மொழி கற்பிக்கும் நிலையத்தோடு, தொடர்பு வைத்துக்கொள்வது நல்லது. வகுப்பு மட்டுமல்ல, பரிந்துரைக் கடிதமும் அங்கேதான். நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம் விடாமல் படித்தால் மூன்றாம் நிலைக்கு ஒரு வருடம், நாலுக்கு மேலும் எட்டுப் பத்து மாதம் என்பது என் கணக்கு. மூன்று மாதத்தில் நாலாம் நிலை என்று விளம்பரம் பார்த்தால் தள்ளிப் போங்கள்.

தாள் தேர்வுக்குப் பதிவு ஏறத்தாழ ஒரு மாதம் முந்தியே மூடிவிடும். பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்கு 2 வருடம்தான் செல்லும், அதனால் அவசரப்பட்டு முந்தியும் எழுதவேண்டாம். சில நிலைகளின் தேர்வு காலையில். இரவு பஸ்ஸில் ஏ9 வழியே நித்திரை முழித்துப் போய் அப்படியே மண்டபத்துக்குள் நுழையாதீர்கள், முதலில் வருவது கேட்டல் பகுதி.

2021 இல் ஒன்பது நிலைத் தரம் ஒன்று வெளியானது. அதன் 7 முதல் 9 வரையான தேர்வு ஏற்கெனவே நடக்கிறது. கீழ்நிலைச் சொற்பட்டியல்களும் மாறிக்கொண்டு வருகின்றன. பழைய புத்தகம் வாங்க முதல், நீங்கள் எழுதப்போகும் தவணைக்கு எந்தப் பாடத்திட்டம் என்று தேர்வு நிலையத்தில் கேளுங்கள்.

இசட் ஸ்கோர் இடம் கொடுத்தால் களனியையும் பெலிகுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவவையும் விட்டுவிடாதீர்கள். இரண்டிலும் சீனம் படிக்கலாம். இரண்டிலும் தமிழில் நடக்காது, சிங்களத்தை இப்போதே பேச்சுக்குக் கொண்டுவாருங்கள்.

---

ஓமந்தைச் சந்தி

பிள்ளை, கனகராயன் மொழியைச் சொல்லிப்போட்டார், நான் கடதாசியைச் சொல்லுறன். எங்கட பக்கத்துப் பிள்ளையளின்ர விண்ணப்பம் மொழியால தவறுறதைவிடக் கடதாசியால தவறுறதுதான் கூட.

முதல், ஏஜென்சி. காசு குடுக்காதேங்கோ. சீன அரசுப் புலமைப்பரிசில், சி.எஸ்.சி எண்டு சொல்லுறது, இரண்டு வழியில வரும். ஒண்டு இரு நாட்டு ஒப்பந்தப்படி, இலங்கைக் கல்வி அமைச்சு அறிவித்தல் போட்டு விண்ணப்பம் எடுக்கும். மற்றது நேராப் பல்கலைக்கழகத்துக்குப் போடுறது. இரண்டுக்கும் நீங்களே இணையத்தில போடலாம். சில பல்கலைக்கழகம் விண்ணப்பக் கட்டணம் எண்டு சில நூறு யுவான் எடுக்கும், அவ்வளவுதான். ஏஜென்சி தாறது உண்மையான சி.எஸ்.சி இடமோ எண்டு பாக்க ஒரு லேசான வழி இருக்கு: விசாவுக்கு வாற படிவம் ஜே.டபிள்யூ. 201 எண்டால் சீன அரசுப் பணம். ஜே.டபிள்யூ. 202 எண்டால் சி.எஸ்.சி இல்லை. மாகாணப் புலமைப்பரிசிலாயும் இருக்கலாம், முழுக்கச் சொந்தக் காசாயும் இருக்கலாம். அப்ப அனுமதிக் கடிதத்தில கட்டணம் ஆர் கட்டுறது எண்டு எழுதியிருக்கிற வரியை வாசிக்காமல் ஒரு சதமும் நகரக்கூடாது. "முதல் வருசம் மட்டும் இலவசம்" எண்ட கடிதங்களும் இருக்கு.

முழு சி.எஸ்.சி எண்டால் படிப்புக் கட்டணம், விடுதி, மருத்துவக் காப்புறுதி, அதோட மாதம் இளமாணிக்கு 2500 யுவான், முதுமாணிக்கு 3000, கலாநிதிக்கு 3500. விமானச் சீட்டு எல்லாத் திட்டத்திலயும் இல்லை. வயது இளமாணிக்கு 25 இற்குக் கீழ, முதுமாணிக்கு 35 இற்குக் கீழ. இளமாணி சீன மொழியில படிக்கிறதெண்டால் முதல் ஒரு வருசம் மொழியும் அடிப்படைப் பாடமும் சேர்ந்த முன்பயிற்சி. அது முடிவில சோதனை இருக்கு, சித்தியடைஞ்சால்தான் பாடநெறிக்குள்ள போகலாம். ஏற்கெனவே எச்.எஸ்.கே நல்லா இருந்தால் விலக்குக் கேக்கலாம்.

உங்களுக்கு இன்னும் பொருந்துறது சர்வதேச சீன மொழி ஆசிரியர் புலமைப்பரிசில். முந்திக் கன்பூசியஸ் நிலையப் புலமைப்பரிசில் எண்டு சொன்னது. வயது 16 முதல் 35. ஒரு வருட மொழிப் படிப்புக்கு எச்.எஸ்.கே மூண்டில 210, சீன மொழி கற்பித்தல் இளமாணிக்கு நாலில 210 உம் பேச்சு இடைநிலையில 60 உம் எண்டு கேட்டு வந்திருக்கினம். செப்ரெம்பரில தொடங்குற படிப்புக்கு மே நடுப்பகுதிதான் வழமையான கடைசி நாள். புள்ளியும் திகதியும் வருசத்துக்கு வருசம் மாறும், அந்த வருச அறிவித்தலைப் பாருங்கோ.

இப்ப கடதாசி. பாஸ்போட், பிறப்புச் சான்றிதழ், ஏ/எல் சான்றிதழ், எச்.எஸ்.கே பதிவு, நாலிலயும் பேர் ஒரே எழுத்தில இருக்க வேணும். எங்கட தகப்பன் பேர், முதல் எழுத்து, முழுப்பேர் வழக்கத்தில இது சும்மா குழம்பும். ஒண்டில "ஜே" எண்டு தொடங்கும், மற்றதில "வை" எண்டு தொடங்கும், ஒண்டில தகப்பன் பேர் முழுசா இருக்கும், மற்றதில ஒரு எழுத்துத்தான். எச்.எஸ்.கே சான்றிதழில பேர் அச்சடிச்ச பிறகு மாத்திறது பெரிய சிக்கல். ஆகவே ஒழுங்கு இப்பிடி: முதல் பிறப்புச் சான்றிதழைச் சரியாக்கு, பிறகு அடையாள அட்டை, பிறகு பாஸ்போட், பாஸ்போட்டைப் பாத்து எச்.எஸ்.கே பதிவு. பாஸ்போட்டுக்கு வவுனியாப் பிராந்திய அலுவலகமே காணும்.

உங்கட வயதுப் பிள்ளையள் கனபேர் யுத்த நேரத்தில பிறந்ததுகள். சிலருக்குப் பிறப்புப் பதிவே பிந்தி, சிலருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ். அது இருந்தால் விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முந்தியே பிரதேச செயலகத்தில கேட்டு, காலங்கடந்த பதிவு செய்து முழுச் சான்றிதழ் எடுக்க ஏலுமோ பாருங்கோ. தமிழில இருக்கிற பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்துக்கு மாத்த வேணும், அவருக்கும் பாஸ்போட் பிரதியைக் குடுத்து பேரை அப்பிடியே எழுதச் சொல்லுங்கோ. ஏ/எல் பெறுபேற்றை மொழிபெயர்க்கத் தேவையில்லை, பரீட்சைத் திணைக்களம் ஆங்கிலத்திலயே தரும். வெளிநாட்டலுவல்கள் அமைச்சின்ர அத்தாட்சிக்கு பத்தரமுல்லைக்கு ஓடவேண்டாம், யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில இருக்கிற பிராந்தியக் கொன்சியூலர் அலுவலகத்துக்குப் போகலாம். பொலிஸ் சான்றிதழுக்கு இரண்டு மூண்டு கிழமை ஒதுக்குங்கோ.

மருத்துவப் படிவம் ஆறு மாதம்தான் செல்லும், அதால கடைசியாச் செய்யுங்கோ. எக்ஸ்ரே, ஈ.சி.ஜி, இரத்தப் பரிசோதனை எல்லாம் இருக்கும். பிழைக்கிறது இரண்டு இடத்தில: ஒரு கட்டமாவது வெறுமையா விட்டால் திருப்பி அனுப்புவினம், வைத்தியசாலை முத்திரை படத்தின்ர ஓரத்தில பாதியும் தாளில பாதியுமா விழ வேணும். கையெழுத்து மட்டும் போதாது. இரத்தப் பரிசோதனை அறிக்கையின்ர மூலப்பிரதியைக் கையில கொண்டுபோங்கோ, அங்க பாக்கக்கூடும், இல்லாட்டித் திரும்ப ஊசி.

படிப்புத் திட்டம் இளமாணிக்குக் குறைஞ்சது 200 சொல், முதுமாணிக்கு 800. "சிறு வயதில் இருந்தே சீனப் பண்பாட்டில் ஆர்வம்" எண்டு தொடங்குற எல்லாம் ஒண்டுபோல இருக்கும். காலிக் கல்வெட்டில சீனமும் தமிழும் பாரசீகமும் இருக்கு எண்டதை ஒரு வரியில போடலாம், நல்ல வரிதான், ஆனால் ஒரு வரிக்கு மேல வேண்டாம். என்ன பாடம், எந்தப் பல்கலைக்கழகம், ஏன் அது, முடிஞ்சு வந்து இஞ்ச என்ன செய்யப்போறீங்கள் எண்டதை நேராச் சொல்லுங்கோ.

மின்னஞ்சல் ஜிமெயில் மட்டும் வைச்சிருந்தால் அங்க போன பிறகு திறக்க ஏலாது. அவுட்லுக் போல ஒண்டைத் தொடக்கத்திலயே விண்ணப்பத்துக்குக் குடுங்கோ. வட்ஸ்அப்பும் அங்க வேலை செய்யாது, அம்மாவின்ர போனில வீசாட் போட்டுக் கதைச்சுப் பழகிப்போட்டு வெளிக்கிடுங்கோ. வீசாட் புதுசாத் திறக்க ஏற்கெனவே வைச்சிருக்கிற ஒருத்தர் உறுதிப்படுத்த வேண்டி வரும்.

ஹொஸ்டலுக்கு அம்மா பயப்பிடத் தேவையில்லை. வெளிநாட்டு மாணவருக்குப் பெரும்பாலும் தனிக் கட்டடம், புலமைப்பரிசில்காரருக்கு வழமையா ஒரு அறைக்கு இரண்டு பேர், வாசலில காவல், பல இடத்தில இரவு கேற் மூடுற நேரமும் இருக்கு.

---

பூநகரிக் கரை

வேலையைப் பற்றிச் சொல்கிறேன், கொஞ்சம் கசப்பாகவே இருக்கும்.

சீனம் மட்டும் தெரிந்தவருக்கு இலங்கையில் நிலையான வேலை குறைவு. கொழும்புத் துறைமுக நகரம், அம்பாந்தோட்டைத் துறைமுகம், நுரைச்சோலை போன்ற இடங்களில் சீன நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது பார்ப்பது "சீனமும் கணக்கும்", "சீனமும் சுங்கமும்", "சீனமும் பாதுகாப்பு மேற்பார்வையும்". தளத்தில் வேலையாட்களோடு பேச்சு சிங்களத்தில், ஆவணம் ஆங்கிலத்தில். ஆகவே சிங்களப் பேச்சு இல்லாவிட்டால் உங்கள் சீனம் அங்கே பாதி விலைக்குத்தான் போகும். சுற்றுலா வழிகாட்டி இன்னொரு வழி, அதற்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். மொழி தெரியும் என்று குழுவைக் கூட்டிக்கொண்டு சிகிரியாவுக்குப் போக முடியாது.

வடக்கில் இதற்குத் தேவை எங்கே? கடலட்டை. பூநகரி, நாச்சிக்குடாப் பக்கம் பண்ணைகள் இருக்கின்றன, அவித்துக் காயவைத்த அட்டை முடிவில் போவது சீனா, ஹொங்கொங் போன்ற சந்தைகளுக்கு. பண்ணைகளைச் சுற்றி மீனவர் தரப்பில் எதிர்ப்பும் வாதமும் உண்டு, மொழிபெயர்க்கப் போகிறவர் இரு பக்கத்தையும் படித்துவிட்டுப் போக வேண்டும். இந்த வேலையில் பிழை எங்கே வரும் என்று பாருங்கள். சீன வாங்குநர் விலையை "ஜின்" கணக்கில் சொல்வார். ஒரு ஜின் 500 கிராம். ஒரு ஜின் 600 யுவான் என்றால் கிலோ 1200. கிலோ என்று மொழிபெயர்த்தால் விற்பவருக்குப் பாதி போச்சு. "வாங்கு", "வில்" இரண்டும் சீனத்தில் "மாய்" தான். மூன்றாம் தொனி வாங்குவது, நாலாம் தொனி விற்பது. தொனி வழுக்கினால் பேரம் தலைகீழ். கழிவும் அப்படி: "பா ஜெ" என்றால் 8 வீதக் கழிவோ 80 வீதக் கழிவோ இல்லை, பத்தில் எட்டுப் பங்கு கொடுத்தால் போதும், அதாவது 20 வீதம் குறைப்பு.

எண்தான் உரைபெயர்ப்பாளரின் உண்மையான சோதனை. நாங்கள் லட்சம் கோடியிலும் மில்லியனிலும் எண்ணுகிறோம், அவர்கள் நாலு சைபரில் பிரிப்பார்கள். 10,000 ஒரு "வான்". 1 லட்சம் 10 வான், 1 மில்லியன் 100 வான், 1 கோடி 1000 வான், 10 கோடி ஒரு "யி". மனதில் பெருக்கப் பார்த்தால் பேச்சு ஓடிவிடும். கொப்பியில் எண்ணை முழுதாக எழுதி, வலப்பக்கம் இருந்து நாலு இலக்கத்துக்கு ஒரு கோடு போடுங்கள். இரண்டரைக் கோடி: 2500|0000. கோட்டுக்கு இடப்பக்கம் 2500, அப்படியே "2500 வான்". நாளுக்கு இருபது எண் இப்படிச் செய்தால் ஒரு மாதத்தில் கை தானாகப் போகும். காணிக் கணக்கில் "மூ" என்று வரும்: 15 மூ ஒரு ஹெக்டேயர், ஆறு மூ ஏறத்தாழ ஒரு ஏக்கர்.

நீங்கள் கேட்ட பரிமாற்ற வேலை, அதாவது பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டுத் தொடர்புப் பிரிவு, பார்வைக்கு மொழி வேலை. உள்ளே போனால் பெரும்பகுதி கடித வேலை: புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் இரு மொழிப் பிரதிகளையும் வரிக்கு வரி ஒப்பிடுவது, அழைப்புக் கடிதம், விசா, பெயர்ப்பட்டியல். பெயர்ப்பட்டியலில் குடும்பப் பெயர் முன்னால் வரும், பதவி பின்னால், வரிசை பதவிப்படி. அகர வரிசையில் அடுக்கி அனுப்பினால் பீடாதிபதிக்கு மேலே உதவி விரிவுரையாளர் வந்து நிற்பார். இருக்கையில் முதன்மை விருந்தினர் விருந்தளிப்பவரின் வலப்பக்கம். பரிசாகக் கடிகாரம் வாங்காதீர்கள். ஜனவரி நடுவில் இருந்து பெப்ரவரி கடைசி வரை அங்கே குளிர்கால விடுமுறை, ஒக்ரோபர் முதல் கிழமை தேசிய விடுமுறை. அந்த நாட்களில் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்று மறுபடி மறுபடி எழுதினால் மரியாதைக் குறைவாகப் படும்.

ஓமந்தைச் சந்தி சொன்ன கற்பித்தல் இளமாணி எனக்கு முழு உடன்பாடு இல்லை. வடக்கில் சீன ஆசிரியர் நியமனம் என்று ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை. நாலு வருடத்தை அதில் போடுவதைவிட, சர்வதேச வர்த்தகம் அல்லது சுற்றுலா முகாமைத்துவத்தைச் சீன மொழியிலேயே படித்தால் மொழியும் வரும், தொழிலும் வரும்.

---

ஓமந்தைச் சந்தி

அது சரிதான். ஆனால் ஏ/எல் கலைப்பிரிவில வாற பிள்ளைக்கு வர்த்தக இளமாணியில முன்பயிற்சி வருசத்திலயே கணிதமும் சோதனையாக வரும், அதையும் சொல்ல வேணும். கணிதம் ஓ/எல் மட்டத்தில உறுதியில்லாட்டி ஒரு வருட மொழிப் படிப்புக்கு முதல் போய், அங்க நிண்டு முடிவெடுக்கிறது பாதுகாப்பு.

---

மல்லாவிப் பிள்ளை

எல்லாருக்கும் நன்றி. கணிதம் ஓ/எல் பி. இன்னும் இரண்டு கேள்வி. தமிழ் மட்டும் கதைக்கிற ஆக்களுக்குச் சீன உச்சரிப்பில எது கஷ்டம்? மற்றது, படிக்கேக்க அங்க பகுதிநேர வேலை செய்யலாமோ? தமிழ் தெரிஞ்சதால ஏதும் பலன் இருக்கோ?

---

நெடுங்கேணி

உச்சரிப்பில் தமிழருக்கு நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு.

சீனத்தில் ப இரண்டு, த இரண்டு, க இரண்டு: மூச்சு வெளிவராதது ஒன்று, மூச்சு வெடித்து வருவது மற்றது. மூச்சு வராதது எங்களுக்குச் சும்மா வரும், "பல்", "கல்" என்று சொல்லின் முதலில் வரும் வல்லினம் அதேதான். மூச்சோடு வருவதுதான் இல்லை. வாய்க்கு முன்னால் மெல்லிய கடதாசித் துண்டு ஒன்றைப் பிடித்துச் சொல்லுங்கள், கடதாசி ஆடாவிட்டால் நீங்கள் சொன்னது வேறு சொல். நாக்கை மடித்துச் சொல்லும் ஒலிகள் ழ, ட பழகிய வாய்க்கு லேசு. இதில் ஆங்கிலம் பேசுவோரைவிட எங்களுக்குக் கை மேலே.

அடுத்த கண்டம் சொல்லின் கடைசியில் வரும் ங். "பெய்ஜிங்" என்றால் மூக்கிலேயே நிறுத்த வேண்டும், நாங்கள் கடைசியில் ஒரு க் ஒலியைச் சேர்த்துவிடுவோம். ன் இல் முடியும் சொல்லும் ங் இல் முடியும் சொல்லும் வேறு வேறு பொருள், கேட்டல் தேர்வில் இதை வைத்தே மடக்குவார்கள். பிறகு தமிழில் இல்லாத ஒரு உயிர்: நாக்கை "இ" சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு உதட்டை "உ" போலக் குவிக்க வேண்டும். "பெண்" என்ற சொல்லில் வரும். வெறும் "நு" என்று சொன்னால் விளங்காது.

தொனி நாலு, தொனியற்றது ஒன்று. தனிச் சொல்லாகப் படிக்காமல் சோடியாகப் படியுங்கள். இரண்டு மூன்றாம் தொனி அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் தொனியாக மாறும், "நீ ஹாவ்" வணக்கமே அப்படித்தான். தமிழில் வசனத்தின் முடிவில் குரலை இறக்கியும் கேள்வியில் ஏற்றியும் பேசுவோம். அந்தப் பழக்கம் கடைசிச் சொல்லின் தொனியை விழுங்கிவிடும். கேள்வி வசனத்தை வைத்தே கூடப் பயிற்சி எடுங்கள். ஆசிரியர் இல்லாத நாளில் போனின் குரல் தட்டச்சைச் சீனத்துக்கு மாற்றி ஒற்றைச் சொல் சொல்லுங்கள், வேறு எழுத்து விழுந்தால் பெரும்பாலும் தொனியில் பிழை. முழு வசனம் சொன்னால் அது இடம் பார்த்துத் திருத்திவிடும், பயிற்சிக்கு உதவாது.

---

பூநகரிக் கரை

பகுதிநேர வேலை: படிப்பு விசாவில் அப்படியே போய் வேலை செய்ய முடியாது. பல்கலைக்கழகத்தின் சம்மதமும், குடிவரவு அலுவலகம் வதிவிட அனுமதியில் போடும் குறிப்பும் வேண்டும். இல்லாமல் ஆங்கில ரியூசன் கொடுத்துப் பிடிபட்டால் 5,000 முதல் 20,000 யுவான் வரை தண்டம், கடுமையானால் 5 முதல் 15 நாள் தடுப்புக்காவல். 180 நாளுக்கு மேற்பட்ட படிப்புக்கு எக்ஸ் 1 விசா. போய் இறங்கி 30 நாளுக்குள் அதை வதிவிட அனுமதியாக மாற்ற வேண்டும். மாற்றும் வரை பாஸ்போட் அலுவலகத்தில் இருக்கும், அந்த நாட்களில் ரெயின், விமானச் சீட்டு எடுக்காதீர்கள்.

தமிழ் பலனா? பலர் எண்ணாத பலன். சீனாவின் தமிழ் வானொலிச் சேவை 1963 இல் தொடங்கியது, இன்று சீன ஊடகக் குழுமத்தின் கீழ் இருக்கிறது. பெய்ஜிங் வெளிநாட்டு மொழிகள் பல்கலைக்கழகத்திலும் யுன்னான் மின்சு பல்கலைக்கழகத்திலும் தமிழ் கற்பிக்கிறார்கள். இப்படியான இடங்கள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவரை எடுக்கும்போது பார்ப்பது சீனத்தைவிடத் தமிழ் எழுத்தைத்தான்: சீன மூலத்தில் இருந்து வந்த தமிழைப் பிழை திருத்தி, வானொலியில் வாசிக்கத்தக்கதாக ஆக்க வேண்டும். இடங்கள் மிகக் கொஞ்சம், அதை மட்டும் நம்பித் திட்டம் போட முடியாது. வேலை விசாவுக்கு வழமையாகப் பட்டமும் இரண்டு வருட அனுபவமும் கேட்பார்கள். சீனப் பல்கலைக்கழகத்தில் முதுமாணி முடித்தவருக்கு அந்த அனுபவ நிபந்தனையில் சலுகை உண்டு. ஆகவே தமிழைப் பட்டப்படிப்பிலும் ஒரு பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதினால் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், திகதியோடு.

"சீனப் பாலம்" என்ற பேச்சுப் போட்டி ஒன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது, பல்கலைக்கழக மாணவருக்கு 2002 இல் இருந்து. முதற்சுற்று இலங்கையிலேயே. பேச்சு, பொது அறிவு, கலை நிகழ்ச்சி மூன்றும் இருக்கும். கலைக்குச் சீனப் பாட்டைத்தான் பாட வேண்டும் என்று நினைக்கிறார்கள். முல்லைத்தீவுக் கோவலன் கூத்தில் ஒரு ஆட்டத்தை எடுத்து, அதன் கதையை மூன்று நிமிடம் சீனத்தில் சொல்லி ஆடினால் நடுவருக்குப் புதிது. கன்பூசியஸ் நிலையத்தில் பதிந்து படிப்பவருக்குத்தான் இந்த அறிவித்தல் நேரத்துக்குக் கிடைக்கும், அதனால் மூன்றாம் நிலை முடிந்ததும் பதிந்துவிடுங்கள்.